கார்ப்பெட்டில் காய்ந்த பசையும் கடைக்குள் வரும் தின்னரும்

கல்லாவுக்கு முன்னால் ஒரு துண்டு கார்ப்பெட் விரிப்பது இப்போது சிறு மளிகைக் கடைகளில்கூடச் சாதாரணமாகிவிட்டது. தரை பளிச்சென்று தெரிகிறது, வாடிக்கையாளர் கால் வைக்க இதமாக இருக்கிறது, சிந்திய பருப்பும் சர்க்கரையும் தரையிடுக்கில் போகாமல் தடுக்கிறது. விரிப்பது சுலபம். நகராமல் இருக்கப் பசை போட்டு ஒட்டுவதும் சுலபம். நாலைந்து வருஷம் கழித்துப் பிய்த்தெடுக்கும்போதுதான் தொல்லை தெரியும். கார்ப்பெட் பாதி கையோடு வரும், பசை முழுதும் தரையோடு நிற்கும். இது தவிர, எலிக்கு வைத்த பசை அட்டை கவிழ்ந்து கார்ப்பெட்டின் மேல் ஒட்டிக்கொள்வதும், அதன்மேல் மாவுத்தூளும் கால் மண்ணும் படிந்து கருங்கல் மாதிரி ஆகிவிடுவதும் நாம் அனைவரும் பார்த்ததுதான்.

இப்படி ஆனதும் பெரும்பாலான கடைகளில் என்ன நடக்கிறது? பையனை அனுப்பித் தின்னர் வாங்கிவரச் சொல்கிறோம். அதுவும் இல்லையென்றால் வண்டி டாங்கில் குழாய் விட்டு ஒரு டம்ளர் பெட்ரோல் எடுக்கிறோம். வியாபாரம் முடிந்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, இரவு பத்து மணிக்கு மேல் துணியில் நனைத்துத் தேய்க்கிறோம். இந்தப் பழக்கத்தை நம் வணிகர்கள் அடியோடு விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. பசை ஒரு அசிங்கம்தான், ஆபத்து அல்ல. அதை எடுக்கக் கடைக்குள் கொண்டு வரும் பொருள்தான் ஆபத்து.

எண்ணெய்களுக்கும் திரவங்களுக்கும் ‘பற்றும் வெப்பநிலை’ என்று ஒன்று உண்டு. அந்தச் சூட்டுக்கு வந்தால் அதிலிருந்து கிளம்பும் ஆவி, ஒரு பொறி பட்டாலே பிடித்துக்கொள்ளும். மண்ணெண்ணெய்க்கு இது 35 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். தின்னரில் பெரும்பாலும் கலந்திருக்கும் டொலுயீனுக்கு ஏறத்தாழ 4 டிகிரி. பெட்ரோலுக்கோ பூஜ்யத்துக்கும் கீழே ஏறத்தாழ 40 டிகிரி. அதாவது நம் ஊரில் பெட்ரோலும் தின்னரும் மார்கழிப் பனியிலும் தயார் நிலையில்தான் இருக்கின்றன. மண்ணெண்ணெய் சாது என்று நினைப்பவர்கள், கத்திரி வெயிலில் தகரக் கூரைக் கடைக்குள் எத்தனை டிகிரி இருக்கும் என்று எண்ணிப் பார்க்கட்டும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. டொலுயீன் ஆவியும் அப்படித்தான். அது மேலே போய் வெண்டிலேட்டர் வழியாக வெளியேறிவிடாது. தண்ணீர் மாதிரித் தரையோடு தவழ்ந்து, மூட்டைகளுக்கு அடியிலும் கல்லாவுக்குக் கீழேயும் தேங்கி நிற்கும். தரையோடு தரையாக நம் கடையில் என்ன இருக்கிறது? கூல்டிரிங்ஸ் பிரிட்ஜ், ஐஸ்கிரீம் பெட்டி. அவற்றின் கம்ப்ரஸரும் அதை ஓட்டும் ரிலேயும் அடியில்தான் இருக்கின்றன. அது யாரையும் கேட்டுக்கொண்டு ஓடுவதில்லை. குளிர் குறைந்ததும் தானாக ‘டக்’ என்று ஓடத் தொடங்கும். அந்த ‘டக்’கில் ஒரு சின்னப் பொறி இருக்கலாம். போதாததற்கு நம் கடைகளில் சாமி படத்துக்கு முன்னால் விளக்கு எரியும், ஊதுவத்தி புகையும். பீடி பிடிக்காத கடைக்காரர்கூட இந்த இரண்டையும் மறந்துவிடுவார்.

“அப்பா காலத்திலிருந்து பெட்ரோல் போட்டுத்தான் துடைக்கிறோம், ஒன்றும் ஆனதில்லையே” என்று மூத்த வியாபாரிகள் சொல்வார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்தக் காலத்துக் கடை வேறு. முன்பக்கம் வரிசையாகப் பலகைக் கதவு, இடுக்குக்கு இடுக்கு காற்று. கடைக்குள் ஒரு குண்டு பல்பு, அதுவும் உச்சியில். இன்றைக்கு இரும்பு ஷட்டர் இறங்கினால் எறும்பு போக வழியில்லை. உள்ளே இரண்டு பிரிட்ஜ், இன்வெர்ட்டர், கேமரா, பில் போடும் மிஷின். போதாக்குறைக்குப் பிளாஸ்டிக் கவர், அட்டைப்பெட்டி, எண்ணெய் பாக்கெட், தீப்பெட்டி பண்டில். அன்றைக்கு ஆகாதது இன்றைக்கும் ஆகாது என்று கணக்குப் போட முடியாது. அதோடு, எரியும் பெட்ரோலில் தண்ணீர் ஊற்றினால் அது தண்ணீரின் மேல் மிதந்து இன்னும் பரவும். மணல் வாளியோ பவுடர் அணைப்பானோ இல்லாத கடைகள்தான் நம்மில் அதிகம்.

தீ பிடிக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். சரக்கு கெடுவதை யார் ஈடு செய்வது? தேயிலை பக்கத்தில் இருக்கும் வாசனையை இழுத்துக்கொள்ளும் பண்டம். மைதா, ரவை, திறந்த மூட்டை அரிசி, வெண்ணெய், நெய் பிஸ்கட் எதுவும் இதற்கு விலக்கல்ல. இரவு தின்னர் போட்டுத் துடைத்து, ஷட்டரை இறக்கிவிட்டுப் போனால் எட்டு மணி நேரம் அந்த ஆவியில்தான் சரக்கு ஊறும். மறுநாள் டீ வாங்கிப்போன அம்மாள் பொட்டலத்தைத் திருப்பிக்கொண்டு வந்து, “இது என்ன பெயிண்டு வாசனை?” என்று நாலு பேர் முன்னால் கேட்டால், நம்மிடம் பதில் இல்லை. சுத்தம் செய்யும் ரசாயனங்களை உணவுப் பண்டங்களிலிருந்து தனியே வைக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதிமுறையிலேயே இருக்கிறது. நாமோ அதைப் பண்டத்துக்கு நடுவில் ஊற்றித் தேய்க்கிறோம்.

கார்ப்பெட்டுக்காவது நல்லதா என்றால் அதுவும் இல்லை. இன்றைய கார்ப்பெட்டின் முடிகளை அடித்துணியோடு பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் லேடெக்ஸ் என்ற ரப்பர்ப் பால். தின்னர் மேலிருந்து கீழே இறங்கினால் அந்த ரப்பரும் இளகிவிடும். பசை போன இடத்தில் முடி கொத்தாகக் கழன்று வரும், அடித்துணி தனியே பிரியும். நோய் தீர்ந்தது, நோயாளி போய்விட்டார்.

அப்படியானால் என்னதான் செய்வது? முதலில் அது எந்தப் பசை என்று பார்க்க வேண்டும். பசையில் பல ஜாதி. ஒன்றுக்கு இளகுவது மற்றொன்றுக்கு அசையாது. தச்சர்கள் முன்பு காய்ச்சிய வஜ்ஜிரம் விலங்குத் தோலிலிருந்து வந்தது. வெந்நீர் பட்டாலே இளகும். சுவரொட்டிக்குக் காய்ச்சும் மைதாப் பசையும் அதே கதைதான். ஈரத்துணியை அரை மணி நேரம் போட்டு வைத்தால் போதும், ஊறிப்போய்க் கையோடு வரும். நாமே மைதா விற்கிறோம், நம் ஷட்டரிலேயே ஒட்டுகிறார்கள், அதையும் நாம்தான் சுரண்டுகிறோம்! 1959-ல் பெவிகால் வந்த பிறகு வஜ்ஜிரம் காய்ச்சுவது குறைந்து, வெள்ளைக் கோந்து வீட்டுக்கு வீடு வந்தது. இந்த வெள்ளைக் கோந்து காய்ந்து கெட்டியானாலும் வெந்நீரும் வினிகரும் சேர்த்து ஊறவைத்தால் வெளுத்து மெத்தென்று ஆகும். பிறகு மழுங்கிய கத்தியால் வழித்தெடுக்கலாம். குழந்தைகள் பள்ளிக்கூட வேலை செய்து பாயிலும் கார்ப்பெட்டிலும் கொட்டுவது பெரும்பாலும் இதுதான். இதற்குத் தின்னர் கேட்டு வருகிறவர்களிடம் வினிகர் பாட்டிலை எடுத்துக் கொடுங்கள். அதுவும் நம் கடைச் சரக்குதான்.

நம் கடைகளின் முதல் எதிரி எலிப் பசை. இது உண்மையில் காய்வதே இல்லை. பிசின் மாதிரி இருந்துகொண்டு தூசியைப் பிடித்துத்தான் கெட்டியாகிறது. அதனால் தண்ணீர், சோப்பு எதற்கும் மசியாது. ஆனால் சமையல் எண்ணெய்க்கு மசியும். முதலில் ஐஸ் வைத்து இறுக்க வேண்டும். காசிமேட்டுப் பக்கம் ஐஸுக்குப் பஞ்சமா? ஒரு துண்டு ஐஸைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பத்து நிமிஷம் பசையின் மேல் வைத்தால், தூசி சேர்ந்த மேல்பாகம் விறைத்துவிடும். மழுங்கிய கத்தியோ பெயிண்டர் வைத்திருக்கும் புட்டி பிளேடோ கொண்டு பெயர்க்கலாம். மீதி இருப்பதில் தேங்காய் எண்ணெயோ கடலை எண்ணெயோ சில சொட்டு விட்டு, கால் மணி நேரம் பொறுத்து, பழைய துணியால் வெளியிலிருந்து உள்நோக்கி ஒற்றி எடுக்க வேண்டும். உள்ளிருந்து வெளியே தேய்த்தால் கறை தட்டு அகலம் ஆகும். கடைசியாகப் பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்த வெந்நீரால் எண்ணெயை எடுத்துவிட வேண்டும். இந்தக் கடைசி வேலையைச் சோம்பலில் விட்டால், எண்ணெய் இருந்த இடம் ஒரு வாரத்தில் முன்னைவிடக் கருத்துப் போகும். கம்பெனிக்காரர்கள் ஒட்டும் டபுள் சைடு டேப்பின் பிசுக்குக்கும் இதே எண்ணெய் வைத்தியம் போதும்.

எலி அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் ஒட்டிக்கொண்ட பிராணி பசியிலும் பயத்திலும் மணிக்கணக்கில் கிடந்து சாகிறது. அதனால்தான் இந்த அட்டையைத் தடுக்கும்படி இந்திய விலங்குகள் நல வாரியம் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. இங்கிலாந்தில் பொதுமக்கள் இதைப் பயன்படுத்துவது 2024 ஜூலை முதல் குற்றம். மரப்பொறியில் தேங்காய்ச் சில்லு வைத்த நம் பாட்டனார் முறையில் கார்ப்பெட்டும் பாழாகவில்லை. ஷட்டருக்குக் கீழே உள்ள இடைவெளியை அடைத்தாலே பாதி எலி உள்ளே வராது. இது என் சொந்த அபிப்பிராயம், ஒப்பாதவர்கள் இருப்பார்கள்.

இளக மறுக்கும் முரட்டுப் பசை என்றால் கார்ப்பெட்டைத் தரையோடு ஒட்டப் போடும் மஞ்சள் ரப்பர்ப் பசைதான். செருப்புத் தைப்பவர்களும் மைக்கா ஒட்டும் தச்சர்களும் பயன்படுத்துவது. அதைக் கரைத்து டப்பாவில் அடைத்திருப்பதே தின்னர் வகைத் திரவம் என்பதால், எல்லோரும் தின்னருக்கு ஓடுகிறார்கள். ஆனால் தரையில் இருக்கும் பசையைக் கரைக்க வேண்டிய அவசியமே இல்லை, பெயர்த்தால் போதும். கொதிக்கக் காய்ச்சிய வெந்நீரில் நனைத்த கோணியை அதன்மேல் போட்டு, அது ஆறுவதற்குள் புட்டி பிளேடைத் தட்டையாக வைத்துத் தள்ளினால் சுருள் சுருளாக வரும். ஒரு முழத்துக்கு ஒரு முழம் என்று செய்ய வேண்டும். பொறுமை வேண்டும், முட்டி வலிக்கும், உண்மைதான். கார்ப்பெட் முடியில் சிக்கியது என்றால் விரலால் உருட்டி உருட்டி எடுத்துவிட்டு, வராததைக் கத்திரிக்கோலால் முடியின் நுனியோடு நறுக்கிவிடலாம். இடம் பெரிதென்றால், ரேக்குக்கு அடியில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும் கார்ப்பெட்டிலிருந்து அதே அளவு துண்டு வெட்டி இங்கே பொருத்தலாம்.

சொட்டுச் சொட்டாக விழுந்து நொடியில் காயும் பெவிகுவிக் வகைப் பசைக்கு நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன் இளக்கம் கொடுக்கும். ஆனால் அதுவும் பெட்ரோலுக்குத் தம்பிதான். சில கார்ப்பெட்டின் சாயத்தையும், சில இழைகளையும் அது தின்றுவிடும். சொட்டு சின்னதாகத்தான் இருக்கும் என்பதால் இடுக்கியால் நொறுக்கி எடுப்பதே மேல். துப்பாக்கி மாதிரிக் கருவியில் உருக்கி ஊற்றும் குச்சிப் பசைக்கு ஐஸ் போதும், சில்லுச் சில்லாகப் பெயரும். இஸ்திரிப் பெட்டி வைத்து உருக்க ஆசைப்படுகிறவர்கள், நம் கடை கார்ப்பெட் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன், அது 160 டிகிரிச் சூட்டை ஒட்டி உருகிவிடும் என்பதை நினைவில் கொள்ளவும்.

முதலில் அள்ளு, பிறகுதான் கரை என்ற இந்த முறை வடசென்னைக்குப் புதிதல்ல. 2017 ஜனவரி 28-ல் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, கரையில் தார்க்குழம்பாகத் திரண்டதை மீனவர்களும் தொண்டர்களும் பணியாளர்களும் வாளி வாளியாகக் கையால்தான் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம் வரை போய், எண்ணூர்ப் பகுதியில் வீட்டுச் சுவரிலும் படகிலும் வலையிலும் படிந்தது. அப்படிப் படிந்ததன்மேல் மேலும் எண்ணெய்ச் சரக்கைக் கொட்டிக் கரைத்து ஓடவிட்டால் அது எங்கே போகும்? அதே கால்வாய்க்குத்தான். கடையில் தின்னர் ஊற்றிக் கழுவி வாசல் சாக்கடையில் தள்ளுகிறவரும் சிறு அளவில் அதையேதான் செய்கிறார்.

இனி நாம் விற்கும் பக்கத்துக்கு வருவோம். வாடிக்கையாளர் கேட்கிறார் என்று தின்னரைத் தண்ணீர் பாட்டிலில் கால் லிட்டர், அரை லிட்டர் ஊற்றிக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. ஹார்டுவேர் கடைகளை மட்டும் சொல்லவில்லை. 1934-ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டம், திரவ ஹைட்ரோகார்பன் கலந்த தீப்பற்றும் கலவை எதையும் பெட்ரோலியம் என்றே கொள்கிறது. அதில் பற்றும் வெப்பநிலை 23 டிகிரிக்குக் கீழ் உள்ளவை ‘ஏ’ வகுப்பு. அவற்றை லைசென்ஸ் இல்லாமல் 30 லிட்டர் வரை வைத்திருக்கலாம் என்ற சலுகை, விற்பனைக்கு அல்லாத சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான். அப்படி வைத்திருப்பதையும் கண்ணாடி, பீங்கான், உலோகம் ஆகிய கலங்களில் இறுக மூடி வைக்க வேண்டும் என்கிறது சட்டம். கண்ணாடிக் கலம் என்றால் ஒரு லிட்டருக்கு மேல் கூடாது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் அந்தப் பட்டியலிலேயே இல்லை. சோதனைக்கு வரும் அதிகாரியிடம் “தெரியாது” என்று சொல்ல முடியாது.

சட்டத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. தண்ணீர் பாட்டிலில் தண்ணீர் நிறத்தில் இருப்பதைத் தாகத்தோடு வரும் பிள்ளை தண்ணீர் என்றுதான் எடுக்கும். இன்னொரு வகைப் பிள்ளையும் உண்டு. அதைத் துணியில் நனைத்து மூக்கில் வைத்து இழுக்கிற பிள்ளை. பஞ்சர் சொல்யூஷனும் தின்னரும் நம் பகுதிச் சிறுவர்கள் சிலரை என்ன செய்திருக்கின்றன என்பதை நான் எழுதித் தெரிய வேண்டியதில்லை. பாட்டிலில் வரும் ஒயிட்னரையும் தின்னரையும் விற்கக்கூடாது என்று 2012-லேயே மத்திய அரசு தடை செய்ததற்குக் காரணமே இதுதான். கார்ப்பெட்டில் பசை என்று சொல்லிக்கொண்டு பத்து வயதுப் பையன் பாட்டிலோடு வந்து நின்றால், “அப்பாவை வரச் சொல்லு தம்பி” என்று திருப்பி அனுப்ப நமக்கு நெஞ்சுரம் வேண்டும். அந்தக் கால் லிட்டரில் நமக்குக் கிடைக்கும் லாபம் ஒரு தேநீருக்குக் காணாது.

கம்பெனிகளிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. விற்பனைப் பிரதிநிதி வருகிறார், தரையில் ஒரு ஸ்டிக்கர், கண்ணாடியில் ஒன்று, ரேக் விளிம்பு முழுக்கப் பட்டி என்று ஒட்டிவிட்டுப் போகிறார். ஸ்கீம் முடிந்ததும் அவரைக் காணோம். காகிதம் கிழிந்து பசை மட்டும் நம் பாக்கி. ஒட்டியவரே எடுத்துத் தர வேண்டும், இல்லையென்றால் ஒட்ட விடமாட்டோம் என்று ஒரு கடைக்காரர் தனியாகச் சொன்னால் சிரிப்பார்கள். சங்கமாகச் சொன்னால் கேட்பார்கள். ஸ்டிக்கருக்குப் பதில் கொக்கியில் தொங்கும் அட்டை கொடுக்க அவர்களுக்கு ஒன்றும் பெரிய செலவில்லை.

இவ்வளவும் செய்து பார்த்து, தின்னர் இல்லாமல் முடியவே முடியாது என்று ஒரு கார்ப்பெட் மிச்சமானால், அதைச் சுருட்டி மாடிக்குக் கொண்டு போகட்டும். பகல் வெளிச்சத்தில், காற்றோட்டத்தில், பக்கத்தில் பீடியோ அடுப்போ இல்லாமல், துணியின் நுனியில் மட்டும் நனைத்து, மறைவான ஒரு மூலையில் சாயம் போகிறதா என்று பார்த்துவிட்டுத் துடைக்கலாம். ஒரு பகல் முழுதும் வெயிலில் காயவிட்டு, வாசனை அறவே போன பிறகுதான் அது கடைக்குள் வர வேண்டும். துடைத்த துணியையும் குப்பைக்கூடையில் திணிக்காமல் மாடியிலேயே விரித்துக் காயவிட வேண்டும். அடுத்த கார்ப்பெட் வாங்கும்போது பசை டப்பா வாங்காமல், ஓரத்துக்கு அலுமினியப் பட்டி வைத்து நாலு ஸ்குரூ முடுக்கிவிட்டால், கழற்ற ஒரு ஸ்குரூ டிரைவர் போதும்.